‘ஏதோ’ விடுபட்ட வரி

பிப்ரவரி 2

அன்புள்ள மூக்கிக்கு,

நெட்டை எழுதுகிறேன். நீயும் அம்மாவும் நலம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நீ பதில் போட்டால்தானே கேட்டுத் தெரிந்துகொள்ள! பத்திரிகை ஆபீஸில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் எழுதுகிறாய், எனக்கு ரெண்டு வரி எழுத மட்டும் உனக்குக் கை வலிக்கிறது.

போனில் பேசலாமே என்பாய். வீட்டில் ஓடுகிற ஒரே போன் காலையில் மகளோடு காலேஜுக்குப் போய்விடுகிறது. என்னுடையதற்கு ரீசார்ஜ் பண்ணுவதை நிறுத்தி நாலு மாதம் ஆகிறது. அதுவும் நல்லதுக்குத்தான். போனில் பேசினால் நீ ‘ம்’ கொட்டிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய், கடிதத்தில் அந்தப் பாச்சா பலிக்காது.

நம்முடைய ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம், நீ பத்திரிகை வேலைக்கு விட்டுப்போனபடியே இருக்கிறது. அதே ஆவி, அதே மருந்து வாடை, சுற்றுகிற மாதிரி பாவனை செய்யும் அதே மின்விசிறி. வார்டுகள்தான் கூடிவிட்டன, அதனால் ஷீட்டுகளும் கூடிவிட்டன. நீ நின்ற இடத்தில் இப்போது பெரியக்கா நின்று என்னோடு ஷீட் மடிக்கிறாள். அவளும் என் உயரம். நீயும் நானும் மடித்தபோது ஒரு பக்கம் சாய்ந்தே வருமே, அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சிரிப்பும் இல்லை.

ஒரு விஷயம். பதினோரு பேரும் சேர்ந்து சம்பளத்தை உயர்த்தச் சொல்லிக் கான்ட்ராக்ட் கம்பெனிக்கு மனு கொடுத்திருக்கிறோம். எழுதியது நான், முதல் கையெழுத்து பெரியக்கா. மாதக் கடைசியில் பதில் சொல்வதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்காரருக்குச் சோபாக் கடையில் ஏற்றி இறக்குகிற வேலை வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைந்துவிட்டது. இந்த விலைவாசியில் எவன் சோபா வாங்குகிறான்? நிற்கவே நேரமில்லை, இதில் உட்கார வேறு இடம் வாங்குவார்களா? ஏதோ சமாளிச்சுக்கிறோம்.

அம்மாவின் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? ஒழுங்காக எழுது.

உன்
நெட்டை


பிப்ரவரி 9

அடி நெட்டைக் கொக்கே,

திட்டு கிடைத்தது. தகுதியானதுதான். அம்மாவுக்கு மூச்சிரைப்பு அப்படியே. அந்த உறிஞ்சுகிற மருந்தின் விலையைக் கேட்டால் எனக்கும் மூச்சு வாங்குகிறது. நாலு வருஷமாக ‘தற்காலிக’ உதவி ஆசிரியை நான். அந்தத் ‘தற்காலிக’த்தை எடுப்பதாக ஒவ்வொரு வருஷமும் சொல்கிறார்கள். எடுத்தால் அம்மாவின் வைத்தியச் செலவை ஆபீஸே ஏற்றுக்கொள்ளும்.

‘ஏதோ சமாளிச்சுக்கிறோம்’ என்று எழுதியிருக்கிறாய். என்னிடமா? நீ அப்படிச் சொன்னால் வீட்டில் ஏதோ ஒன்று தீர்ந்துபோய்விட்டது என்று அர்த்தம். நான் அங்கே வேலை பார்த்தபோதும் ஒரு நாள் அப்படித்தான், உன் மகளுக்குக் காய்ச்சல், கையில் ஒன்றும் இல்லை, கேட்டால் ‘ஏதோ சமாளிச்சுக்கிறோம்டி’ என்று ஷீட்டை உதறினாய். என்ன தீர்ந்துபோயிருக்கிறது, சொல்.

கூடவே ஓர் உதவி. ‘சாமானியர் குரல்’ என்று புதிதாக ஒரு பக்கம் தொடங்குகிறார்கள். ஆளுக்கு ஒருவரைப் பிடித்து மூன்று கேள்வி கேட்க வேண்டும். வேலை எப்படி? விலைவாசியை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? பத்திரிகை, டிவியில் வருவதை நம்புகிறீர்களா? இந்தப் பக்கம் நன்றாக அமைந்தால் எனக்கு விடிவு பிறக்கும் என்று செய்தி ஆசிரியர் ஜாடையாகச் சொன்னார். நான் யாரைப் போய்க் கேட்பேன்? உனக்குத்தான் வாய் இருக்கிறது. பேர், ஆஸ்பத்திரி, படம் எதுவும் வராது. மனதில் தோன்றியதை எழுது.

உன்
மூக்கி


பிப்ரவரி 16

என் மூக்கிக்கு,

எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறாய் என்று நான் வைத்த பேர், இன்றைக்கு அதுவே உனக்குப் பிழைப்பாகிவிட்டது. எனக்கு ஏதாவது பங்கு கொடு.

முதல் கேள்வி வேலை. பதினெட்டு வருஷமாக அடுத்தவர்களுடைய ரத்தத்தையும் வாந்தியையும் துவைக்கிறேன். அருவருப்பு முதல் மாதத்தோடு போய்விட்டது. குழந்தைகள் வார்டு ஷீட் சின்னது, சட்டென்று மடிந்துவிடும். ஆனால் அதில் பெரிய கறை இருந்தால் அன்றைக்கு நாங்கள் யாரும் பேசிக்கொள்ளமாட்டோம். போன மாதம் இஸ்திரி உருளையில் என் இரண்டு விரல் சுட்டுக்கொண்டது. கட்டுப் போட்டுக்கொண்டு அன்றைக்கே நின்றேன், இல்லாவிட்டால் அரை நாள் சம்பளத்தைப் பிடித்துவிடுவார்கள். வேலை செய்வது ஆஸ்பத்திரியில், மருந்து வாங்கியது வெளியே. சிரிக்காதே.

அடுத்தது விலைவாசி. சோப்பு உறை பழைய அளவுதான், உள்ளே சோப்பு மட்டும் இளைத்துவிட்டது. பிஸ்கட் பாக்கெட்டில் பாதி காற்று. என்ன தீர்ந்துபோயிருக்கிறது என்று கேட்டாயே, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். மத்தியானம் சாப்பிடுவதை விட்டுவிட்டேன். வயிறு மந்தம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். மகள் நம்பவில்லை, தன் டப்பாவில் பாதியை எனக்கு எடுத்து வைத்துவிட்டுப் போகிறாள். அதை நான் அவள் அப்பாவுக்கு வைக்கிறேன். அவர் சாயங்காலம் அதைத் தொடாமல் அவளுக்கே வைத்திருக்கிறார். ஒரு பிடி சாப்பாடு மூன்று பேரையும் சுற்றி வந்து ஆறிப்போகிறது. முந்தாநாள் அது கெட்டே போய்விட்டது. அதைக் கொட்டும்போதுதான் அழுதேன்.

இதெல்லாம் பேப்பரில் வரக்கூடாது. வீட்டுக்காரர் படித்தால் தலையைத் தொங்கப் போட்டுவிடுவார். இந்தக் கேள்விக்கு ‘ஏதோ சமாளிச்சுக்கிறோம்’ என்று போடு, அது போதும். எங்களைப்போல இருக்கிறவர்கள் எல்லாரும் அதையேதான் சொல்கிறோம், அதைக் கேட்கிறவர்களுக்கும் என்ன அர்த்தம் என்று தெரியும். சம்பளம் பத்தவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்.

மூன்றாவதுக்கு வருகிறேன். ஒரு சேனல் விலை குறைந்துவிட்டது என்கிறது. அடுத்தது நாளைக்கே உலகம் முடிந்துவிடும் என்கிறது. கடைக்குப் போனால் கடைக்காரர் இரண்டு பேரையும் திட்டுகிறார். எனக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. உன் பேப்பரை மட்டும் நம்புகிறேன், அதில் நீ இருக்கிறாய் என்பதால். இதையும் போட்டுக்கொள், உனக்கு உதவும்.

எப்படியாவது அந்தத் ‘தற்காலிக’ ஒழியட்டும்.

உன்
நெட்டை


பிப்ரவரி 25

என் தங்க நெட்டைக்கு,

ஒழிந்தது! நேற்று கையில் உத்தரவு கொடுத்துவிட்டார்கள். அம்மாவுக்குச் சொன்னதும் அழுதாள், இருமினாள், மறுபடி அழுதாள். உன்னால்தான்டி. உன் கதைதான் அந்தப் பக்கத்தில் முதலாவதாக வந்திருக்கிறது. முதலாளியே படித்துவிட்டு, “எல்லாரும் அழுதுவடியுறாங்க, இந்தப் பொண்ணு மட்டும் தெம்பா பேசியிருக்கு” என்றாராம்.

கத்தரித்து இதோடு வைத்திருக்கிறேன். இடம் போதாததால் கொஞ்சம் குறைக்கவேண்டி வந்தது, தப்பாக நினைக்காதே. மகளிடம் காட்டு.

அவசரத்தில் எழுதுகிறேன். அடுத்த மாதம் நேரில் வருகிறேன், உனக்கு வயிறு நிறைய மத்தியானச் சாப்பாடு என் செலவு.

உன்
நிரந்தர மூக்கி


மார்ச் 1

மூக்கிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே அந்தப் பேப்பர் இங்கே வந்துவிட்டது. மேனேஜர் அதை வெட்டி, கையெழுத்துப் போடுகிற நோட்டுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறார்.

“சமாளித்துக்கொள்கிறோம், பத்திரிகையை நம்புகிறோம்! பதினெட்டு ஆண்டுகளாக மருத்துவமனைத் துணி வெளுக்கும் பெண்ணின் தன்னம்பிக்கை.” விரலும் இல்லை, சம்பளமும் இல்லை. பேர் போடவில்லை, சரி. பதினெட்டு வருஷம் என்று போட்டிருக்கிறாயே, இங்கே பதினெட்டு வருஷம் என்னைத் தவிர வேறு யார்?

மேனேஜர் அதைச் சத்தமாகப் படித்தார். “உங்க ஆளே சமாளிக்கிறோம்னு ஊரறியச் சொல்லிடுச்சு. அப்புறம் எதுக்கு மனு?” என்றார். பெரியக்கா என் பக்கம் திரும்பி, “நீயாடி?” என்று மட்டும் கேட்டாள்.

அன்றையிலிருந்து யாரும் என்னோடு ஷீட் பிடிப்பதில்லை. தனியாகத்தான் மடிக்கிறேன். ஒரு முனையை மேஜையில் இரும்புப் பெட்டியால் அழுத்திவைத்துவிட்டு மறுமுனையை எடுத்துக்கொண்டு நடக்கிறேன். ஒன்றுக்கு மூன்று மடங்கு நேரம் ஆகிறது. அந்தத் தாமதமும் என் பேரில்தான் நோட்டில் ஏறுகிறது.

அந்த ‘ஏதோ’ எங்கே போனது மூக்கி? அதை எடுத்துவிட்டால் அந்த வரிக்கு நேர் எதிரான அர்த்தம் வந்துவிடுகிறதே. உனக்குத் தெரியாததா?

பன்னிரண்டாம் தேதி ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் முன்னால் மேனேஜரையும் எங்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குள் ஒரு திருத்தம் போடச் சொல். பெரிதாக வேண்டாம். ‘ஏதோ’ என்கிற வார்த்தை விட்டுப்போய்விட்டது, சம்பளம் பத்தவில்லை என்றும் அந்தப் பெண் சொன்னாள் என்று ஒரே ஒரு வரி. அதைக் கொண்டுபோய்க் காட்டினால் பெரியக்கா என்னை நம்புவாள். எனக்கு அது போதும்.

நெட்டை


மார்ச் 6

அன்பு நெட்டைக்கு,

படித்ததிலிருந்து கை ஓடவில்லை. நீ தனியாக ஷீட் மடிக்கிறாய் என்பதே கண்ணில் நிற்கிறது.

நான் உள்ளபடியேதான் எழுதிக் கொடுத்தேன். கடைசி நேரத்தில் செய்தி ஆசிரியர், “இது பேச்சுவழக்கு, தலைப்புல நல்லா இருக்காது” என்று ‘ஏதோ’வை அடித்துவிட்டார். மற்றதையும் அவர்தான் வெட்டினார். திருத்தம் கேட்டு அவர் அறைக்கு இரண்டு முறை போனேன். “அந்தம்மா சொன்ன வார்த்தைதானே, இதுல என்ன தப்பு?” என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார். மூன்றாம் முறையும் போனால் என் புது உத்தரவையே திரும்ப வாங்கிவிடுவார் போலிருக்கிறது.

நெட்டை, வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். அந்தக் கூட்டத்தில் என் பேர் மட்டும் வெளியே வராமல் பார்த்துக்கொள். தெரிந்தவளிடமே கேட்டு எழுதினேன் என்று தெரிந்தால் என்னை வைத்திருக்கமாட்டார்கள். அம்மாவுக்குப் புது மருந்து இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது, முழு ராத்திரி தூங்குகிறாள்.

உன்
மூக்கி


மார்ச் 20

அன்புள்ள மூக்கிக்கு,

இரண்டு முறை அவர் அறைக்குப் போனாய் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. நீ செய்திருக்கமாட்டாய் என்று மனதுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு வாரம் உன்னைச் சந்தேகப்பட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்.

பன்னிரண்டாம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். கண்காணிப்பாளர் நல்ல மனிதர், எங்களை உட்காரச் சொன்னார். பெரியக்கா நன்றாகப் பேசினாள். விலைவாசி, கை சுடுவது, எல்லாம் சொன்னாள். மேனேஜர் பேப்பரை மேஜையில் வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார், “இது நீங்க சொன்னதா, இல்ல பேப்பர் பொய் சொல்லுதா? பொய்னா இப்பவே எழுதிக் கொடுங்க. யார் உங்ககிட்ட கேட்டு எழுதினாங்களோ அவங்க பேரையும் போடுங்க. கம்பெனி வக்கீல் பாத்துக்குவார்.”

பத்துப் பேரும் என் வாயையே பார்த்தார்கள். பெரியக்கா, “சொல்லுடி, பொய்னு சொல்லு” என்றாள். எனக்காக நீ இரண்டு முறை போய் நின்றாயே, உன்னை நான் காட்டிக்கொடுப்பதா? அம்மா இப்போதுதான் தூங்குகிறாள் என்று எழுதியிருந்தாயே. அதெல்லாம் ஒரு நிமிஷத்தில் ஓடியது. “நான் சொன்னதுதாங்க” என்றேன்.

மனு தள்ளுபடி. மூன்றாம் நாளே பெரியக்காவையும் இன்னும் இரண்டு பேரையும் ஆள் அதிகம் என்று நிறுத்திவிட்டார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு மேற்பார்வை வேலை தருவதாகச் சொன்னார், சம்பளமும் கூட. வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானும் நின்றுவிட்டேன். பெரியக்கா வெளியே போகும்போது என்னைக் கடந்துதான் போனாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் பாட்டுக்கு வாசலைத் தாண்டிவிட்டாள்.

இரண்டு வீட்டில் பாத்திரம் கழுவுகிறேன். போகப் போகப் பழகிவிடும். நீ ஒன்றும் மனதில் வைத்துக்கொண்டு குமையாதே. நாம் இரண்டு பேரும் தப்புச் செய்யவில்லை. அந்தச் செய்தி ஆசிரியர் நன்றாக இருக்கட்டும்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

உன்
நெட்டை


மார்ச் 29

நெட்டை,

ஒரு வாரமாக இதை எழுதவும் முடியவில்லை, எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. உன் கடிதத்தில் ‘மன்னித்துக்கொள்’ என்று நீ எழுதிய இடத்தைத் தாண்டிப் படிக்க எனக்கு ஒரு ராத்திரி முழுக்கப் பிடித்தது.

செய்தி ஆசிரியர் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தலைப்பு வைத்தது நான். கட்டத்துக்குள் இரண்டு எழுத்து அதிகமாக இருந்தது. ‘ஏதோ’ இரண்டு எழுத்து. எடுத்தேன், சரியாக உட்கார்ந்தது. இடம் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அதுவும் பொய். புதுப் பக்கத்தின் தொடக்கம் கொஞ்சம் தெம்பாக இருக்கட்டும், விளம்பரம் தருகிறவர்கள் பார்ப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். விரலையும் சம்பளத்தையும் அதற்காகத்தான் வெட்டினேன். அந்த வார்த்தைக்கு உன் வாயில் என்ன அர்த்தம் என்று உலகத்திலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்தே எடுத்தேன்.

அவர் அறைக்கு இரண்டு முறை போனேன் என்றதும் பொய். ஒரு முறைகூடப் போகவில்லை. கதவு வரைக்கும் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். ஒரு வரி கேட்டிருந்தால் போட்டிருப்பாரோ என்னவோ, அதுகூட எனக்குத் தெரியாது.

உன் கடிதம் வந்த மறுநாள் அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டினார். வேலையை எடுக்கவில்லை. “பழைய விஷயம், விடுங்க” என்றார். இதற்காகவா இத்தனை பயந்தேன் என்று கழிப்பறையில் போய் அழுதேன்.

பெரியக்காவிடம் என் பேரைச் சொல்லிவிடு, வேண்டுமானால் நானே வந்து காலில் விழுகிறேன். என்னைத் திட்டி எழுது நெட்டை. எப்படி வேண்டுமானாலும் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

மூக்கி


ஏப்ரல் 19

மதிப்பிற்குரிய உதவி ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தாமதத்துக்கு வருந்துகிறேன். ‘நீ’ என்று தொடங்கி மூன்று தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். கை அந்த எழுத்துக்குப் போகமாட்டேன் என்கிறது.

இரண்டு எழுத்தை எடுத்ததை நான் பொறுத்துக்கொள்வேன். வயிற்றுப்பாட்டுக்காக எல்லாரும் எதையாவது விழுங்குகிறோம். ‘இதெல்லாம் போடாதே’ என்று எழுதியவளும் நான்தான், அந்தப் பங்கை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு முறை போனேன் என்று எழுதினீர்களே, அந்த இரண்டு முறையை நம்பித்தான் பத்துப் பேர் முன்னால் நான் அப்படிச் சொன்னேன். அவர்களோடு எத்தனையோ வருஷம் ஒரே ஆவியில் வெந்திருக்கிறேன். அவர்களை விட்டுவிட்டு உங்களைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த இடத்தில் யாரும் இல்லை.

நீங்கள் சொன்னபடி பெரியக்கா வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதி திறந்து கேட்டாள். உங்கள் பேரைச் சொன்னேன், உங்கள் கடிதத்தையும் நீட்டினேன். அவள் அதைக் கையில் வாங்கவில்லை. “பேப்பர்ல வந்ததை உண்மைன்னு சொன்னதும் நீதான். இப்ப லெட்டரைக் காட்டி அது பொய்ங்கிறதும் நீதான். நான் எதையம்மா நம்புறது?” என்றாள். அவள் கேட்டது நியாயம். அவளுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை.

நீங்கள் இங்கே வரவேண்டாம். வந்தால் பெரியக்காவுக்கு ஒரு தொந்தரவு, எனக்கு ஒரு அழுகை, அவ்வளவுதான் மிஞ்சும். அம்மாவைக் கவனித்துக்கொள்ளுங்கள். அவர்கள் தூங்குவது எனக்குச் சந்தோஷம்தான், அதில் பொய் இல்லை. இனி எனக்கு எழுத வேண்டாம், வருகிற கடிதத்தை நான் பிரிக்கப்போவதில்லை.

திட்டி எழுதச் சொன்னீர்கள். எழுதியிருக்கலாம். கோபம் இருந்தால்தானே ‘அடியே’ என்று வரும்.

வணக்கம்.